கை நடுங்காத முதல் அடி: கோல்ஃப் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. செம்பனைக்கு நடுவே ஒன்பது குழித் திடலில் ஞாயிறு காலை ஆடுகிறவர்கள், மாதம் ஒருமுறை ஈப்போவுக்குப் போய்ப் பதினெட்டு குழி ஆடிவிட்டு வருகிறவர்கள், பிள்ளையை ஆட விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஏதோ ஒரு மூலையில் மனசைப் பற்றிய கவலை இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை. தனியாகப் பழகும்போது பந்து நேராகப் போகிறது. போட்டி நாளில் முதல் டீயில் (குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்தில்) பத்துப் பேர் பின்னால் நின்று பார்த்தால் போதும், கை நடுங்கி, பந்து வலப்பக்கம் செம்பனைக்குள் போய்விடுகிறது. 'தைரியமா அடி' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: நடுக்கம் வருவது கோழைத்தனம் இல்லை, முதலில் அதை விட்டுவிடுங்கள். பிறர் பார்க்கிறார்கள் என்றதும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது, விரல்கள் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, இறுக்குகின்றன. உங்கள் பந்தைச் செம்பனைக்குள் அனுப்புவது இந்தக் கடைசி வேலைதான். விரல் இறுகினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் மணிக்கட்டு தளர்ந்து திரும்பாது, கிளப் முகம் பந்தைத் தொடும் நேரத்தில் திறந்தபடியே இருக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைகிறது. ஆகவே மனசை நேராகப் பிடித்து உலுக்கிப் பயனில்லை. மூச்சையும் விரலையும் சரிசெய்தால் மனசு தானாகப் பின்னால் வரும்.

பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை வருகைப் பதிவுக்கு) ஓடுவது போல ஓடி வந்து டீயில் நிற்காதீர்கள். 45 நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் தோள், இடுப்பு, தொடை. பயிற்சி வலை இருந்தால் 20 பந்து போதும், வெட்ஜில் தொடங்கிப் பெரிய கிளப்புக்குப் போங்கள். கடைசி மூன்று பந்தை முதல் டீயில் எந்தக் கிளப்பை எடுக்கப்போகிறீர்களோ அதே கிளப்பால், அங்கே செய்யப்போகிற அத்தனை சடங்கோடும் அடியுங்கள். வலை இல்லாத திடலில் இரண்டு அயர்னை (இரும்புத் தலைக் கிளப்பை) சேர்த்துப் பிடித்து மெதுவாகப் பத்து முறை வீசினால் தோள் இளகும். மிச்ச நேரம் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில். அங்கே முடிக்கும்போது 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஆறு பந்தை உள்ளே தள்ளிவிட்டு வாருங்கள். பந்து குழிக்குள் விழும் சத்தம் காதில் இருக்க டீக்குப் போவது ஒரு தனித் தெம்பு.

உங்களுக்கு முன்னால் ஆடுகிறவர் பந்தை வைக்கும்போதே மூச்சு வேலையை ஆரம்பியுங்கள். நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு முதல் எட்டு எண்ணி வாயால் விடவேண்டும். மூன்று தடவை. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு குறைகிறது. பலர் இழுப்பதை மட்டும் ஆழமாகச் செய்துவிட்டு, அடிக்கும்வரை அடக்கி வைத்துக்கொள்கிறார்கள். அது இறுக்கத்தைக் கூட்டும். பிடியின் இறுக்கத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டால் நாலுக்கு மேல் போகக்கூடாது. பந்துக்கு முன் வந்து நின்றபின் கிளப் தலையை இரண்டு முறை லேசாக ஆட்டுங்கள். தலையின் கனம் விரலில் தெரிந்தால் பிடி சரி. தெரியாவிட்டால் இறுக்கிவிட்டீர்கள். நின்ற நேரத்திலிருந்து எட்டு விநாடிக்குள் அடித்துவிடவேண்டும். அதற்குமேல் நின்றால் இறங்கின இறுக்கம் திரும்ப ஏறும்.

இன்னொன்று. முதல் குழியில் டிரைவர் என்ற ஆக நீளமான கிளப்பைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற கிளப் எதுவோ அதை எடுங்கள், 5 வுட், ஹைபிரிட், ஏன், 6 அயர்ன்கூட. தூரம் குறையும், அவ்வளவுதான். ஆனால் பந்து திடலின் எல்லைக்கு வெளியே, அதாவது ஓபிக்குப் போனால் ஒரு அடி தண்டனையோடு அதே இடத்திலிருந்து மூன்றாவது அடியாக மறுபடி அடிக்கவேண்டும்.

கேள்வி: திடலில் 4-ஆம் குழிக்கு முன்னால் குளம். 'தண்ணியில போடாதே, தண்ணியில போடாதே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அடிக்கிறேன். நேராகத் தண்ணீரில் போய் விழுகிறது. இது என்ன சாபம்?

பதில்: சாபம் இல்லை, மூளையின் வேலை முறை. 'வெள்ளைக் கரடியை நினைக்காதே' என்று சொன்னால் அதே கரடிதான் நினைவுக்கு வரும் என்பதை டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் சோதித்துக் காட்டினார். 1998-இல் அவரும் கூட்டாளிகளும் கோல்ஃப் பட்டிங்கை (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டித் தள்ளுவதை) வைத்தே இன்னொரு சோதனை நடத்தினார்கள். 'குறியைத் தாண்டிப் போகவிடாதே' என்று சொல்லி, மனசுக்கு வேறொரு சுமையையும் கொடுத்தபோது, ஆட்கள் பந்தைக் கூடுதலாகத் தாண்ட விட்டார்கள். ஒன்றைத் தடுக்க வேண்டுமானால் மூளை அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். களைப்பும் பதற்றமும் சேர்ந்தால் அந்தக் காவல்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான்.

எனவே 'கூடாது' என்று முடிகிற வாக்கியத்தை டீயிலேயே விட்டுவிடுங்கள். மூளைக்குச் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கொடுங்கள். 'கிரீனுக்குப் பின்னால் இடமிருந்து மூன்றாவது செம்பனை, அதன் மட்டையின் அடி' என்று இலக்கு அவ்வளவு சின்னதாக இருக்கவேண்டும். 'அந்தப் பக்கம்' என்பது இலக்கே இல்லை. பிறகு பந்துக்குப் பின்னால் நின்று, அந்த மரத்துக்கும் பந்துக்கும் நடுவில், பந்திலிருந்து ஒரு மீட்டருக்குள் ஒரு காய்ந்த இலையையோ பழைய புல்வெட்டுத் தழும்பையோ பிடித்துக்கொள்ளுங்கள். மேஜர் எனப்படும் பெரும் போட்டிகளில் 18 பட்டம் வென்ற ஜாக் நிக்லஸ் இப்படித்தான் குறி வைத்தார். கிளப் முகத்தை அந்த இலைக்கு நேராக வையுங்கள். ஒரு மீட்டருக்குக் குறி வைப்பது 130 மீட்டருக்குக் குறி வைப்பதைவிட எளிது.

கவனத்தை உடம்புக்கு வெளியே வைப்பதும் உதவும். கேப்ரியேல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் புதிய ஆட்டக்காரர்களுக்குச் சின்ன பிட்ச் அடியை (பந்தைக் குறுகிய தூரம் தூக்கிப் போடும் அடியை) சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். கையின் அசைவை நினைத்தவர்களைவிடக் கிளப் தலையின் அசைவை நினைத்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். 'முழங்கையை மடக்காதே' என்பதைவிட 'கிளப் தலை அந்த இலைக்கு மேலே போகட்டும்' என்பது நல்ல கட்டளை.

இதையெல்லாம் செய்வதற்கு முன் கணக்கு ஒன்று இருக்கிறது. குளத்தைத் தாண்ட 130 மீட்டர் வேண்டும், உங்கள் 7 அயர்ன் நன்றாகப் பட்டால் 135 போகும் என்று வையுங்கள். 'நம்பி அடி' என்பது இங்கே தவறான அறிவுரை. நன்றாகப் பட்ட அடியின் தூரத்தை வைத்து யாரும் திட்டம் போடக்கூடாது. பத்து அடியில் நடுத்தரமாகப் பட்டது எவ்வளவு போகிறது, அதுதான் உங்கள் தூரம். அது 122 என்றால் 5 அயர்னை எடுங்கள், இல்லையேல் குளத்துக்கு முன்னாலேயே 80 மீட்டரில் நிறுத்தி அடுத்த அடியில் தாண்டுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் நம்பிக்கை வலிந்து வரவழைக்க வேண்டியதில்லை. நம்ம ஊர்க் கவ் கிராஸ் அகல இலைப் புல். அதற்குள் பந்து அமுங்கி உட்கார்ந்தால் புல் கிளப்பைப் பிடித்து இழுக்கும், பந்து நினைத்ததைவிடக் குட்டையாக விழும். ரஃபிலிருந்து (நீளப் புல் பகுதியிலிருந்து) குளத்தைத் தாண்டும் ஆசையை அந்த ஒரே காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

கேள்வி: காலையில் கண்ணாடி முன் நின்று 'நான்தான் சாம்பியன்' என்று இருபது தடவை சொன்னால் ஆட்டம் மாறும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: கெடுதல் இல்லை. ஆனால் மனசு சாட்சி கேட்கும். மூன்றாவது குழியில் இரண்டு பந்தைத் தொலைத்தவுடன் 'சாம்பியனா நீ?' என்று அதே மனசு திருப்பிக் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூன்று நல்ல அடிகளை எழுதுங்கள்: எந்தக் குழி, எந்தக் கிளப், பந்து எங்கே விழுந்தது, அடிக்கும்போது என்ன நினைத்தீர்கள். மூன்று தேறாத நாளிலும் தேடி எழுதுங்கள். அடுத்த போட்டிக்கு முன் அதைப் படியுங்கள். டீயில் நிற்கும்போது சொல்லிக்கொள்ளும் சொல் குட்டையாகவும் செயலைச் சொல்வதாகவும் இருக்கட்டும். 'மெதுவா எடு' போதும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. கேவின் கிரீன் மாதிரி வரவேண்டும் என்று ஆசை. நன்றாக ஆடுவான். ஆனால் ஒரு பந்து கெட்டுப்போனால் கிளப்பைத் தரையில் ஓங்கி அடிக்கிறான், அதற்குப் பிறகு நாலு குழி நாசம். நான் திட்டினால் இன்னும் மோசமாகிறது. ஒரு தாயாக நான் என்ன செய்யட்டும்?

பதில்: கேவின் கிரீன் 2017-இல் ஆசியச் சுற்றின் ஆண்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர். பையனின் ஆசை உயர்ந்த ஆசை. அந்த மட்டத்தில் ஆடுகிறவர்களும் எத்தனை அடியைக் கெடுக்கிறார்கள் என்பதை அவனுக்குக் காட்டுங்கள். அமெரிக்காவின் பிஜிஏ சுற்றில், உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள், குறித்த அடிக்குள் கிரீனில் ஏற்றுவது சராசரியாகப் பதினெட்டில் பன்னிரண்டு குழிதான். ஆறு குழியில் தவறுகிறார்கள். உங்கள் மகன் எல்லா அடியும் சரியாக வரவேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு டீக்குப் போகிறான். முதல் தவறிலேயே ஏமாந்துபோகிறான். கோபத்தின் வேர் அந்த எதிர்பார்ப்பு.

கோபத்தை அடக்கு என்று சொல்லாதீர்கள். அதற்கு ஓர் எல்லை கொடுங்கள். பந்து கெட்ட இடத்திலிருந்து பத்து எட்டு நடை. அதற்குள் மனசுக்குள் என்ன திட்டவேண்டுமோ திட்டிக்கொள்ளட்டும். பத்தாவது எட்டில் கையுறையைக் கழற்றி பின்பாக்கெட்டில் வைக்கவேண்டும். கையுறை கழன்றால் அந்த அடி முடிந்தது. அடுத்த பந்துக்கு வந்து திரும்பக் கையுறை மாட்டும்போது புது அடி ஆரம்பம். பிள்ளைகளுக்கு உடம்பால் செய்கிற ஓர் அடையாளம் வேண்டும், புத்திமதி மட்டும் நிற்காது. நடக்கும்போது கண்ணை மர உச்சி மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். தலை குனிந்து நடக்கிறவன் கெட்ட அடியையே மென்றுகொண்டு நடப்பான். இதை வீட்டில், சும்மா இருக்கும்போது, பத்து நாள் நடந்து பழகவேண்டும். போட்டியன்று முதன்முதலாக முயன்றால் வராது.

ஸ்கோர் அட்டையில் அடிகளின் எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு வரிசை போடட்டும். குறி பார்த்து, மூச்சு விட்டு, முடிவு செய்தபின் அடித்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு. பந்து எங்கே போனாலும் கோடு உண்டு. தொண்ணூறு அடியில் அறுபது கோடு இருந்தால் அன்றைக்கு நன்றாக ஆடினான் என்று அர்த்தம்.

உங்கள் பங்கு காரில் இருக்கிறது. அவன் ஏறியதும் 'எத்தனை அடிச்சே?' என்று கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சாப்பிட எங்கே போகலாம் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து குளித்து முடித்தபின், 'இன்னைக்கு எந்த அடி பிடிச்சிருந்தது?' என்று கேளுங்கள். வெயிலில் நாலு மணி நேரம் நின்ற பிள்ளைக்கு விசாரணை தாங்காது. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: கிளப்பை வீசினால் அன்றைய ஆட்டம் அதோடு நின்றது, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. பக்கத்தில் நிற்கிறவர் மேல் பட்டால் என்ன ஆகும்? 2019-இல் வந்த விதிகளின்படி போட்டிக் குழு நடத்தை விதி வகுத்து, மீறினால் தண்டனை அடி கொடுக்கலாம், தகுதிநீக்கமும் செய்யலாம். அதை அவனே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கண்காணி) நான், வயது 63. மூன்றடி தூரம் இருக்கும் பந்தைக்கூடக் குழிக்குள் தள்ள முடியவில்லை. அடிக்கும் நேரத்தில் வலக்கை வெட்டி இழுக்கிறது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: விடவேண்டாம், ஐயா. உங்களுக்கு வந்திருப்பதை ஆட்டக்காரர்கள் 'யிப்ஸ்' என்பார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு அது மறுபடி மறுபடி வந்தது. அவர் பிடியை மாற்றினார், பட்டரை (பந்தைக் குழிக்குத் தள்ளும் கிளப்பை) மாற்றினார், 1985-இலும் 1993-இலும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார்.

முதலில் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில், குழியே இல்லாத சமதரையில், சும்மா பந்தைத் தள்ளுங்கள். அப்போதும் கை வெட்டினால் நரம்பும் தசையும் சம்பந்தப்பட்டது. அந்தப் பழகிப்போன பாதையை மாற்றித்தான் தீரவேண்டும்: இடக்கையைக் கீழே, வலக்கையை மேலே வைத்துப் பிடியுங்கள், அல்லது பருத்த பிடியுள்ள பட்டருக்கு மாறுங்கள், அல்லது பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். நீண்ட பட்டரை நெஞ்சில் ஊன்றி ஆடுவது மட்டும் 2016 முதல் தடை. எழுதும்போதும் கரண்டி பிடிக்கும்போதும் கை வெட்டுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், கோல்ஃபைப் பிறகு பார்க்கலாம்.

குழி இருந்தால் மட்டும், அதிலும் பணம் வைத்து ஆடும்போது மட்டும் வெட்டினால், அது பதற்றம். கண்ணை வைத்து அதைச் சரிசெய்யலாம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் ஆட்டக்காரர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார். நன்றாக ஆடுகிறவர்களின் கண் கடைசி நேரத்தில் ஒரே இடத்தில் நிலைத்திருந்தது. தடுமாறுகிறவர்களின் கண் பந்து, குழி, கிளப் என்று தாவிக்கொண்டே இருந்தது. நீங்கள் செய்யவேண்டியது: குழியின் விளிம்பில் பந்து நுழையவேண்டிய ஒரு புள்ளியைப் பாருங்கள். பிறகு பந்தின் பின்பக்கத்தில் ஒரு புள்ளிக்குக் கண்ணைக் கொண்டுவந்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று மனசுக்குள் நிதானமாக எண்ணி, அந்தப் பார்வை நகராமல் தள்ளுங்கள். பந்து போனபிறகும் அது இருந்த புல்லையே அரை விநாடி பாருங்கள். குழியில் விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள், கண்ணால் துரத்தவேண்டாம்.

வீட்டில் பாய் விரித்துப் பழகலாம். பட்டர் தலையைவிட இரு பக்கமும் விரல் தடிமன் மட்டும் அதிகமாக இருக்கும்படி இரண்டு டீக்கட்டையை ரப்பர் துண்டில் குத்தி வையுங்கள். ஒரு மீட்டரில் ஓர் ஐம்பது சென் காசு வையுங்கள். கட்டையில் இடிக்காமல் பந்து காசின் மேல் உருளவேண்டும். தினம் முப்பது. காசுக்குப் பழகின கண்ணுக்கு 108 மில்லிமீட்டர் குழி கிணறு மாதிரி தெரியும். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர்தான், குழியின் அகலத்தில் இரண்டரைப் பந்து அடங்கும்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்யவேண்டும். எட்டடி தூரத்தில், அதாவது இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவில், பிஜிஏ சுற்றின் ஆட்டக்காரர்களே ஏறத்தாழப் பாதிதான் போடுகிறார்கள். இருபதடியில் ஏழுக்கு ஒன்று. அங்கே தவறினால் தலையில் அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

பல நேரம் மனசின் மேல் போடுகிற பழி புல்லின் மேல் போடவேண்டியது. நம் நாட்டுக் கிரீன்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வெளுத்துப் பளபளப்பாக இருந்தால் புல் குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கறுத்து மங்கலாக இருந்தால் எதிர்ப்புல், கூடுதலாகத் தள்ளவேண்டும். குழியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: எந்தப் பக்கம் புல் பிய்ந்து காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் புல் சாய்கிறது. இதைக் கவனிக்காமல் தவறவிட்டுவிட்டு 'என் மனசு சரியில்லை' என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

கேள்வி: ஹெண்டிகேப் (சலுகை அடி) 24. இன்னும் தொண்ணூறுக்குள் ஆடியதில்லை. பதினைந்தாவது குழிவரை நன்றாக வந்து, கடைசி மூன்றில் கவிழ்ந்துவிடுகிறேன். மனத் தைரியம் போதவில்லையா?

பதில்: தைரியத்துக்கு வருவதற்கு முன் பென்சிலை எடுங்கள். பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்த அடிக்கணக்கு, 72 ஆன திடலில் 24 ஹெண்டிகேப் என்றால், உங்கள் ஹெண்டிகேப்புக்கு ஏற்ற ஆட்டம் 96. ஒவ்வொரு குழியிலும் ஒரு சலுகை அடி, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை) 1 முதல் 6 வரையுள்ள குழிகளில் இரண்டு. அதாவது இண்டெக்ஸ் 3 உள்ள பார் 4 குழியில் நீங்கள் 6 எடுத்தாலும் அது உங்களுக்குப் பார். டீக்குப் போகும் முன் அட்டையில் உங்கள் சொந்தப் பாரைக் குழிதோறும் எழுதிவிடுங்கள். அதே குழியில் 4 எடுக்கவேண்டும் என்று நினைத்து 6 எடுத்தால் இரண்டு அடி நஷ்டம் போலத் தோன்றும், அதை மீட்க அடுத்த குழியில் முடியாத அடியை முயல்வீர்கள். கவிழ்வது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2020-இல் வந்த உலக ஹெண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் பன்னிரண்டு ஆட்டம் கணக்கில் சேராது. ஆகவே சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் 96-க்கு மேல் வருவது இயல்பு. 89 என்பது உங்கள் அளவைவிட ஏழு அடி குறைந்த, மிக நல்ல நாள். ஆசைப்படுங்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் எதிர்பார்த்து வாடாதீர்கள். ஒரு குழியில் பத்து அடி போனாலும் ஹெண்டிகேப் கணக்கில் பார், உங்கள் சலுகை அடி, மேலே இரண்டு, அதோடு நின்றுவிடும். இண்டெக்ஸ் 3 பார் 4-இல் அது 8. ஆகப் பெரிய விபத்துக்கும் ஒரு கூரை இருக்கிறது.

கடைசி மூன்று குழிக்கு: எண்ணிக்கையை எழுதுங்கள், கூட்டாதீர்கள். 'இன்னும் பதினாலு அடிக்குள்ள முடிச்சா' என்ற கணக்கு தலைக்குள் ஓட ஆரம்பித்தால் கை மாறிவிடும். பதினெட்டை மும்மூன்றாகப் பிரித்து ஆறு குட்டி ஆட்டமாக ஆடுங்கள். ஒவ்வொன்றும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

பிறகு வயிறு. மனசு தளர்ந்தது என்று நீங்கள் நினைப்பது பாதி தாகம். ஒவ்வொரு டீயிலும் நாலைந்து மடக்குத் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். வியர்வை கொட்டுகிறவர்கள் ஒரு போத்தல் இளநீரோ உப்புச் சேர்ந்த பானமோ கலந்து கொள்ளலாம். 5, 10, 14-ஆம் குழிகளில் பாதிப் பாதி வாழைப்பழம். சம்பலோடு முழு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உடனே டீக்கு வந்தால் நாலாவது குழியில் கண் சொருகும். ஒன்றரை மணி நேரம் முன்னால் சாப்பிட்டுவிடுங்கள், அளவாக.

கேள்வி: சூப்பர்வைசராக இருக்கிறேன். மேனேஜரும் வெளியூர் பெரிய மனிதர்களும் ஆடும் பிளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) என்னையும் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் நான் சின்னவனாக உணர்கிறேன்.

பதில்: நன்றாக ஆடுகிறவரைவிட நேரத்தை மதிக்கிறவரை எல்லாரும் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள். உங்கள் முறை வந்ததும் 40 விநாடிக்குள் அடிக்கவேண்டும் என்பது விதிப் புத்தகத்தின் பரிந்துரை. பந்து தேட மூன்று நிமிடம், அதற்குமேல் தேடினால் அது தொலைந்த பந்து. ஓபி என்று சந்தேகம் வந்தால் நடக்கத் தொடங்கும் முன்பே 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். மேனேஜர் அடிக்கும்போது அவர் கண் வீச்சில் நிற்காதீர்கள், அவர் பட்டிங் கோட்டை மிதிக்காதீர்கள், பங்கரை (மணல் குழியை) நிரவிவிட்டு வெளியே வாருங்கள், கிரீனில் உங்கள் பந்து விழுந்த குழிவோடு இன்னொன்றையும் சரிசெய்யுங்கள். இவையெல்லாம் கையில் இருந்தால் வாய் கூசாது. கெட்ட அடிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கவும் வேண்டாம். பிறர் அடிக்கும் நல்ல அடியை மனதார 'நல்ல அடி, சார்' என்று சொல்லுங்கள். கவனம் தன்னிடமிருந்து விலகும்போது கூச்சமும் விலகுகிறது.

கேள்வி: மாலை ஆட்டத்தில் பாதியில் இடி மழை வந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் என் ஆட்டம் வேறு ஆள் ஆட்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: முதலில் உயிர். மின்னல் அபாயம் என்று நீங்கள் நியாயமாக நினைத்தால் யாரையும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த விதி அனுமதிக்கிறது. சைரன் ஊதிவிட்டால் ஒரு குழியின் பாதியில் இருந்தாலும் உடனே நிறுத்தவேண்டும். செம்பனை அடியில் ஒதுங்காதீர்கள், குடையை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளப் கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபின் வெளியே வாருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் அட்டையை எடுத்துப் பார்க்கவேண்டாம். ஷூவைக் கழற்றிக் காலுறையை மாற்றுங்கள், பிடிகளைத் துடையுங்கள். தேநீர் சூடாகக் குடியுங்கள், ஒன்று போதும். 'திரும்பிப் போனதும் என் முதல் அடி என்ன' என்று மட்டும் யோசியுங்கள்: எந்தக் கிளப், எந்த மரம். அதைக் கண்ணை மூடி மூன்று முறை மனசுக்குள் அடித்துப் பாருங்கள், பந்து எழுவது, வளைவது, விழுவது வரை. அழைத்ததும் ஐந்து அரை வீச்சு. உடம்பு ஆறிப்போயிருக்கும், புல் ஈரம், பந்து உருளாது, அதனால் வழக்கத்தைவிட ஒரு கிளப் கூடுதலாக எடுங்கள்.

தேங்கின நீரில் பந்து கிடந்தாலோ நீங்கள் நிற்கும் இடத்தில் நீர் இருந்தாலோ தண்டனை இல்லாமல் விலகலாம். குழிக்கு அருகே போகாமல், நீர் முழுக்க ஒதுங்கும் மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டு, அதிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடவேண்டும். ஃபேர்வேயிலோ (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளியிலோ) ரஃபிலோ பந்து தன் விழுகுழிவில் புதைந்திருந்தாலும் சலுகை உண்டு, பங்கரில் கிடையாது. இரண்டாவது கையுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் வைத்திருந்தால் அந்த நேரத்தில் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.